வாசற்படித் தகடு

வாசற்படியில் நிற்கலாகாது, அமரலாகாது என்று நம் வீட்டுப் பெரியோர் சொல்வர். வெள்ளிக்கிழமை தோறும் நிலைப்படிக்கு மஞ்சள் பூசிப் பொட்டிடுவர். அந்த மரியாதையில் ஒரு பங்கு மோட்டார் வண்டியின் படிக்கும் உரியது என்பதை நான் 2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில்தான் அறிந்தேன்.

காலஞ்சென்ற என் தமையனாருக்கு இருந்த ஆடம்பரம் ஒன்றே ஒன்று. அது, இருவர் மட்டும் அமரக்கூடிய, திறந்த எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் அபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட வகை அது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைக் காண்பதற்கு அதிலேயே என்னை அழைத்துச் செல்வார். றம்பொடை வளைவுகளில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஆஞ்சநேயரை வேண்டுவேன், அவர் சிரிப்பார்.

அவர் மறைந்தபின் வண்டி கட்டுக்கலை வீட்டுக் கொட்டிலில் நின்றது. மகளின் திருமணச் செலவுக்காக அதை விற்பதென்று அண்ணியார் முடிவு செய்தார். 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025இலேதான் மீண்டும் தொடங்கியது; ஆதலால் அப்போது பழைய வண்டிக்கும் நல்ல விலை இருந்தது. கதவுப் படியின் மேல் பதித்த தகடுகள் மட்டும் தேய்ந்து, நெளிந்து, அழகைக் கெடுத்தன. அவற்றை மாற்றுவோம் என்று தமையனார் மகனும் நானும் ஒரு ஞாயிறன்று திருப்புளியோடு அமர்ந்தோம்.

வேலை எளிதென்றே எண்ணினோம். பழைய திருகாணிகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்ற வேண்டும். புதுத் தகட்டை முதலில் வெறுமனே வைத்துப் பார்த்து, கதவு தடையின்றி மூடுகிறதா என்று கவனித்தபின்னரே துளையிட வேண்டும். திருகாணியின் தலை தகட்டோடு சமமாய் அமர வேண்டும்; இன்றேல் காலில் இடறும். இவ்வளவும் மருமகப் பிள்ளைக்குப் பாடஞ் சொல்வதுபோல் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தகட்டைத் தூக்கியதும் என் பேச்சு நின்றது. கீழே இரும்பு கறள் பிடித்து, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. அலுமினியத் தகட்டுக்கும் இரும்புக்கும் இடையிலே மழைநீர் தேங்கினால் இரும்பு கறள் பிடிக்கும். படியின் அடியிலுள்ள நீர்வடி துளைகளையும் சேறு அடைத்திருந்தது. கண்டி மழையைச் சொல்லவும் வேண்டுமா?

கூரையில்லாத அவ்வண்டிக்குப் படியே முதுகெலும்பு. வேறு சட்டம் கிடையாது. படி நலிந்தால் வண்டியின் நடு தொய்யும், கதவு பொருந்தாது, மோதல் நேர்ந்தால் உள்ளிருப்போர் பாடு ஆபத்து.

இதையெல்லாம் அறிந்த நான் என்ன சொன்னேன் தெரியுமா? “தம்பி, புதுத் தகட்டைப் போட்டு மூடிவிடு. வாங்குகிறவர் கழற்றியா பார்க்கப் போகிறார்? கல்யாணத்துக்கு ஒரு மாதந்தான் இருக்கிறது.”

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சித்தப்பா, மூடினால் எனக்கு நித்திரை வராது. அந்த ஆளும் பெண்டாட்டி பிள்ளையோடு றம்பொடைக்குப் போவார்தானே?” என்றான்.

மறுநாள் வகுப்பில் நான் நடத்த வேண்டியிருந்தது திருக்குறளின் வாய்மை அதிகாரம். பலமுறை நடத்திய பாடந்தான். அன்று குரல் எழவில்லை.

வாங்க வந்தவரிடம் அவனே தகட்டைத் தூக்கிக் காட்டினான். அவர் விலையைக் குறைத்தார்; ஆனால் வேறிடம் போகவில்லை. பட்டறையில் படியை வெட்டிப் புது இரும்பு ஒட்டி, உள்ளே மெழுகு பூசி, நீர்வடி துளைகளைத் திறந்தபின், புதுத் தகடுகளை அவனே பூட்டிக் கொடுத்தான். இம்முறை தகட்டுக்கும் இரும்புக்கும் இடையே மெல்லிய ரப்பர் வைத்தான். திருமணத்தில் பெண்ணுக்கு ஒரு சங்கிலி குறைந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை.

கழற்றிய தகடுகளில் ஒன்று இப்போது என் மேசைமேல் இருக்கிறது. வலப்புறத்தில் மட்டும் ஆழமாகத் தேய்ந்திருக்கிறது. அது தமையனார் கால் வைத்து ஏறிய இடம். அவர் பிள்ளையை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறார் என்று, அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.