படியேறாத தரிசனம்: பாலித் தீவின் ஆலய மரபுகள்

இந்தோனேசிய நாட்டின் ஆயிரக்கணக்கான தீவுகளுள் பாலியும் ஒன்று. அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் இஸ்லாமியர் எனினும், பாலியில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்துக்களே. காலை, நண்பகல், மாலை என்னும் மூன்று சந்தி வேளைகளிலும் அங்கே ‘திரிசந்தியா’ வழிபாடு நிகழ்கிறது. அதன் முதல் மந்திரம் காயத்ரி. ஒருவரை ஒருவர் காணும்போது இரு கரம் குவித்து, ‘ஓம் சுவஸ்தியஸ்து’ என்கின்றனர்.

இவற்றைக் காதால் கேட்டவுடன் தமிழ்நாட்டு யாத்திரிகருக்குச் சொந்த ஊருக்கே வந்துவிட்டதாக ஒரு மகிழ்ச்சி பிறக்கிறது. பிழைகள் தொடங்குவதும் அங்கேதான். அந்நிய இடம் என்று எண்ணினால் மனிதன் கேட்டு நடப்பான். தன் வீடு என்று எண்ணினால் கேளாமலே நடப்பான்.

கும்பகோணத்திலிருந்து பாலி யாத்திரை சென்ற பன்னிருவர் கொண்ட குழுவில் ஒரு முதிய தம்பதியர் இருந்தனர். கணவருக்கு வயது எழுபத்து நான்கு, மனைவிக்கு அறுபத்தொன்பது. பாலியின் தாய்க்கோயில் எனப் போற்றப்படும் பெசாகி ஆலயத்தைத் தரிசிக்க வேண்டும் என்பது அந்த அம்மையாரின் பல்லாண்டு விருப்பம். அக்குழுவினர் கற்றுக்கொண்டவை, அங்கே செல்ல எண்ணும் பக்தர்கள் அனைவருக்கும் பயன்படக் கூடியவை.

வாசலில் வைத்த காணிக்கை

பாலியில் பொழுது புலர்ந்ததும் வீட்டு வாசல், கடைப்படி, நடைபாதை என எங்கும் சிறு ஓலைத்தட்டுகள் தென்படும். தென்னங்குருத்தோலையில் முடைந்த தட்டில் பல நிற மலர்கள், வெற்றிலை பாக்கு, சில சமயம் ஒரு நாணயம், மேலே புகையும் ஊதுவத்தி. இதற்குச் ‘சானாங் சாரி’ என்று பெயர். தெய்வத்திற்கான காணிக்கை உயரமான இடத்திலும், பூதகணங்களுக்கானது தரையிலும் வைக்கப்படும்.

தரையில் இருப்பதால் கவனமின்றி அதைத் தாண்டுவோர் பலர். ஊதுவத்தி புகைந்துகொண்டிருக்கும்போது அதை மிதிப்பதோ தாண்டுவதோ பெரும் அவமதிப்பு. விடியற்காலையில் இட்ட கோலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் எவ்வாறு ஒதுங்கிக் கடப்பார்களோ, அவ்வாறே அங்கும் ஒதுங்கிச் செல்ல வேண்டும். எறும்பு தின்னட்டும் என்று நாம் அரிசி மாவில் கோலமிடுகிறோம். காணிக்கையில் உள்ள சோற்றைக் கோழியோ நாயோ கொத்தித் தின்றால் அவர்களும் விரட்டுவதில்லை.

முதல் நாளே இன்னொரு பிழையும் நேர்ந்தது. தங்கும் விடுதிப் பணிப்பெண்ணின் சிறு மகன் ஓடி வந்து வணங்க, முதியவர் வழக்கம்போல் அவன் தலையில் கை வைத்து ஆசி கூறினார். தாயின் முகம் சற்றே மாறியது. பாலியரின் எண்ணத்தில் தலை உடலின் மிகப் புனிதமான பகுதி. பிறர் அதைத் தொடுவது முறையன்று. அங்கே ஆசி கூற விரும்பும் பெரியவர்கள் கரம் குவித்துப் புன்னகைத்தாலே போதும். ஆட்காட்டி விரலால் ஒருவரைச் சுட்டுவது, இடுப்பில் கை வைத்து நின்று பேசுவது, இடக்கையால் பொருள் கொடுப்பது ஆகியவையும் தவிர்க்க வேண்டியவை.

ஆடையில் உள்ள வேற்றுமை

நம் ஆலயங்கள் சிலவற்றில் ஆண்கள் மேலாடையைக் களைந்து செல்வது மரியாதை. பாலியில் அது நேர் எதிர். ஆண்கள் சட்டை அணிந்தே செல்ல வேண்டும். இடுப்பில் ‘கம்பென்’ என்னும் துணியை உடுத்தி, அதன்மேல் ‘செலெண்டாங்’ என்னும் கச்சையைக் கட்ட வேண்டும். கீழான இச்சைகளைக் கட்டி நிறுத்திவிட்டு இறைவன் முன் வருகிறோம் என்பதே அக்கச்சையின் பொருள். வேட்டியும் புடவையும் உடுத்தியிருந்தாலும் கச்சை இன்றி உள்ளே செல்வது முறையாகாது. ஆலய வாசல்களில் இவை வாடகைக்குக் கிடைக்கும்.

மாதவிலக்கில் உள்ள பெண்கள் உள்ளே வரலாகாது என்ற அறிவிப்பைப் பெரும்பாலான ஆலய வாசல்களில் காணலாம். வழிபாட்டிற்காக அன்றிச் சுற்றுலாப் பயணிகள் ஆலயத்தின் உட்பகுதிக்குள் நுழையலாகாது என்று பாலி மாநில ஆளுநர் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட சுற்றறிக்கையும் கூறுகிறது. புனித மரங்களில் ஏறுவது, ஆலயக் கட்டடங்களின்மீது ஏறிப் படம் எடுப்பது ஆகியவற்றையும் அது தடை செய்கிறது.

தீர்த்தத்தில் ஒரு தவறு

இரண்டாம் நாள் குழுவினர் தாம்பாக்சிரிங் என்னும் ஊரிலுள்ள திர்த்த எம்புல் ஆலயத்திற்குச் சென்றனர். மாயதனவன் என்னும் அரக்கன் நஞ்சூட்டிய நீரால் மடிந்த தன் படையினரை எழுப்ப, இந்திரன் பூமியைத் துளைத்து இத்தீர்த்தத்தை வரவழைத்தான் என்பது தல வரலாறு. கல் துவாரங்களிலிருந்து வரிசையாக நீர் கொட்ட, மக்கள் இடப்புறம் தொடங்கி ஒவ்வொன்றாகத் தலை நனைத்துச் செல்கின்றனர்.

இராமேசுவரத்தில் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடிய பழக்கத்தால், நம் அன்பர்கள் ஒன்றையும் விடாமல் நீராட முற்பட்டனர். வழிகாட்டி விரைந்து வந்து தடுத்தார். அவற்றுள் இரண்டு துவாரங்கள் இறந்தோருக்கான சடங்கிற்கு உரியவை. உயிருடன் இருப்போர் அவற்றில் தலை நனைப்பதில்லை. ‘எல்லாத் தீர்த்தமும் நல்லதுதானே’ என்று ஒருவர் வாதிட்டபோது முதியவர் குறுக்கிட்டார். “பிண்டம் வைக்கும் படித்துறையில் போய் யாராவது மங்கல ஸ்நானம் செய்வார்களா?” என்று கேட்டார். அதன்பின் வாதம் எழவில்லை.

நீராடிய பின் ஈர ஆடையுடன் உட்பிராகாரம் செல்வதும் கூடாது. இராமேசுவரத்தைப் போலவே அங்கும் உலர்ந்த ஆடைக்கு மாறியே வழிபட வேண்டும்.

ஆசனம் உண்டு, திருமேனி இல்லை

நம்மவர்கள் பாலி ஆலயத்தில் நுழைந்ததும் கருவறையைத் தேடுகின்றனர். அங்கே கூரை வேய்ந்த சிறு சன்னிதிகளும், ‘பத்மாசனம்’ என்னும் உயர்ந்த கல் ஆசனமும் வெட்டவெளியில் நிற்கும். ஆசனத்தில் திருமேனி இராது. வழிபாட்டின்போது இறைவன் அங்கே எழுந்தருள்கிறான் என்பது அவர்கள் நம்பிக்கை. சிதம்பரத்தில் திரை விலக்கி வெளியையே தரிசிக்கும் நமக்கு இது விளங்காத தத்துவம் அன்று.

எனவே தெய்வத்தைத் தேடிச் சன்னிதிப் படிகளில் ஏறுவது, வாயிற்காவல் சிலைகளுக்குக் குங்குமம் இடுவது, கொண்டு சென்ற கற்பூரத்தைத் தாமே ஏற்றுவது ஆகியவற்றைச் செய்யலாகாது. தரையில் அமர்ந்தே வழிபட வேண்டும். ஆண்கள் சம்மணமிட்டும் பெண்கள் மண்டியிட்டும் அமர்வர். குவித்த கரங்களை நெற்றிக்கு மேல் உயர்த்தி ஐந்து முறை வணங்குவர். முதலும் ஐந்தாவதும் வெறுங்கையுடன், இடையில் உள்ளவை விரல் நுனியில் மலர் ஏந்தி. பிறகு ‘பெமங்கு’ எனப்படும் பூசகர் தீர்த்தம் தெளிப்பார். மும்முறை பருகி, மும்முறை முகத்தில் தடவிக்கொள்ள வேண்டும். நனைந்த அரிசி மணிகளை நெற்றியில் பதித்துக்கொள்வர். அதுவே அவர்களுடைய திருநீறு போன்றது. வழிபடுவோருக்கு முன்னே நடப்பதும், பூசகரைவிட உயரமான இடத்தில் நிற்பதும் தவறு.

உணவும் நாவடக்கமும்

பாலியர் படையலில் முட்டையும் இறைச்சியும் இடம்பெறும். சைவ உணவு உண்ணும் நம் முதியோர் சிலர் அதைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. ‘இவர்கள் என்ன இந்துக்கள்’ என்று தமிழில் சொன்னால் யாருக்குப் புரியும் என்றும் நினைப்பதுண்டு. சொல் புரியாவிட்டாலும் முகம் புரியும். தமக்கு வேண்டாததைப் பணிவுடன் மறுக்கலாம்; பிறர் படைத்ததை எடைபோட நமக்கு உரிமை இல்லை.

அவர்களுடைய சக ஆண்டுப் பிறப்பான ‘ஞெப்பி’ நாள் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வரும். அன்று காலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஆறு மணி வரை தீவே மௌனம் காக்கும். நெருப்பு, வேலை, பயணம், கேளிக்கை நான்கும் இல்லை. விமான நிலையமும் மூடப்படும். சுற்றுலாப் பயணிகளும் விடுதியை விட்டு வெளியே வரலாகாது. பயண நாளைக் குறிக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்வது நலம்.

பெசாகியின் வாசலில்

நான்காம் நாள் பெசாகி தரிசனம். மூவாயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்த ஆகுங் எரிமலையின் சரிவில், இருபதுக்கும் மேற்பட்ட ஆலயங்கள் படிப்படியாக அமைந்த திருத்தலம் அது. 1963-ஆம் ஆண்டில், நூறாண்டுக்கு ஒரு முறை நிகழும் ஏகாதச ருத்திரப் பெருவிழா நடந்த காலத்தில் அந்த மலை வெடித்தது. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். எரிகுழம்பு ஆலயத்தின் அருகே வந்தும் அதைத் தொடாமல் சென்றது. பின்னர் 1979-ஆம் ஆண்டில் அவ்விழா மீண்டும் நடத்தப்பட்டது.

முன்னிரவில் கும்பகோணத்திலிருந்து முதியவருக்குத் தொலைபேசி வந்தது. அவருடைய சித்தப்பா மகன், ஒரே திண்ணையில் விளையாடி வளர்ந்த பங்காளி, அன்று மாலை காலமாகிவிட்டார். பத்து நாள் தீட்டு. கணவனும் மனைவியும் நள்ளிரவில் தலைமுழுகினர்.

காலையில் செய்தி அறிந்த குழுவினர் பலவாறு கூறினர். கடல் கடந்த இடத்தில் தீட்டு ஏது என்றார் ஒருவர். இங்கே யாருக்குத் தெரியப் போகிறது என்றார் மற்றொருவர். முதியவர் மனைவியைப் பார்த்தார். “உன் ஆசைக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். நீ என்ன சொல்கிறாய்?” என்றார்.

“ஊரில் என்றால் போவோமாங்க?” என்று அம்மையார் கேட்டார். சிறிது நேரம் கழித்து, “அங்கே போகாத கோயிலுக்கு இங்கே மட்டும் எப்படிப் போவது?” என்றார்.

ஆலய வாசலில் வழிகாட்டி எல்லோருக்கும் கச்சை கொடுத்தபோது இருவரும் வாங்கிக்கொள்ளாமல் காரணத்தைக் கூறினர். அவர் கரம் குவித்து வணங்கினார். பாலியரிடமும் அதே மரபு உண்டு. அதைச் ‘சுந்தாக்கா’ என்றும் ‘செபல்’ என்றும் கூறுவர். குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால் உரிய காலம் வரை ஆலயத்துள் செல்வதில்லை; பிள்ளை பெற்ற தாய்க்கு நாற்பத்திரண்டு நாள். உள்ளே வருவோரிடம் இதை யாரும் சோதிப்பதில்லை, அவரவர் மனச்சாட்சியே காவல் என்றார் அவர். வெளிநாட்டவர் இதைத் தாமாகச் சொல்லித் தாம் கேட்டதில்லை என்றும் கூறினார்.

மற்றவர்கள் படியேறிச் சென்றனர். தம்பதியர் வெளியே மர நிழலில் அமர்ந்திருந்தனர். மேகம் விலகியபோது ஆகுங் மலையின் சிகரம் தெரிந்தது. அம்மையார் எழுந்து கை கூப்பினார். முதியவர் இறந்த சகோதரனை நினைத்துக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வந்த பெண்மணி ஒருவரிடம், “சுவாமி எப்படி இருந்தார்?” என்று அம்மையார் ஆவலுடன் கேட்டார்.

“மூன்று ஆசனங்கள் இருந்தன அக்கா. அவற்றின் மேலே வானம்தான்” என்றார் அவர்.

அம்மையார் தலையசைத்து, கணவரின் கையைப் பற்றிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். புறப்படும்போது வழிகாட்டி முதலில் அவர்களுக்கே கதவைத் திறந்து விட்டார்.

பிற நாட்டு ஆலயத்திற்குச் செல்லும் அன்பர்கள் அங்குள்ள விதிகளை முன்கூட்டியே கேட்டு அறிய வேண்டும். ஊரில் கடைப்பிடிக்கும் ஒழுக்கத்தையும் ஊரிலேயே விட்டுவிட்டுச் செல்லலாகாது.