கடற்கரைப் பாட்டும் கச்சேரி மண்டபமும்

நாடோடிப் பாடலொன்றைப் பெரிய வாத்தியக் குழுவிற்கென எழுதி அமைத்தல் அப்பாடலுக்கு ஆக்கமோ கேடோ என்னும் வினா எம் உள்ளத்தே நெடுநாளாய் எழுந்து வருவது. இதனை ஆராய்தற்கு, மெக்ஸிகோ தேசத்து 'ஹுவபாங்கோ' என்னும் இசையினும் ஏற்ற சான்று யாம் கேட்டவற்றுள் பிறிதில்லை.

இதனை இயற்றியவர் 1912-ஆம் ஆண்டு குவாதலஹாரா நகரிற் பிறந்த ஹோசே பாப்லோ மொங்காயோ என்பார். தம் நாட்டு மக்களிசையைத் தழுவி ஓர் உருப்படி செய்து தருமாறு வாத்தியக் குழுத் தலைவர் கார்லோஸ் சாவேஸ் வேண்டவே, மொங்காயோ தம் நண்பர் பிளாஸ் கலிந்தோவுடன் வெராக்ரூஸ் மாகாணத்து அல்வராடோவுக்குச் சென்றார். அது பாப்பலோவாபன் ஆறு கடலொடு கலக்குமிடத்துள்ள மீனவர் பட்டினம். ஸ்பானியர், ஆப்பிரிக்கர், பழங்குடியினர் ஆகிய முத்திறத்தார் மரபும் கலந்த பாட்டு ஆங்கு வழங்குவது. ஹார்ப் என்னும் நரம்புக் கருவியும், ஹரானா என்னும் சிறு கித்தாரும் உடன் ஒலிக்கும். மரப்பலகைமீது ஆடுவோர் காலடியும் தாளமாகும்.

ஆண்டு அவருக்கு நேர்ந்த இடர்ப்பாடு சிந்திக்கத்தக்கது. பாடுவோர் ஒரு மெட்டை ஒருமுறை பாடியவாறே மறுமுறை பாடினாரல்லர். எழுதுகோல் எதனைப் பற்றுவது? பின்னர் அவர் தம் ஆசிரியர் காந்தெலாரியோ உவீசரின் அறிவுரையை நாடினார். கேட்டதைக் கேட்டவாறே முதலில் வைத்து, அதன்பின் தம் கருத்தின்படி வளர்த்துச் செல்லுதலே ஆசிரியர் காட்டிய நெறி. அந்நெறி நின்று, சிக்கிசிரீ, பலாஹு, கவிலான்சித்தோ என்னும் மூன்று பாடல்களைக் கோத்து அமைத்த 'ஹுவபாங்கோ', 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் மெக்ஸிகோ நகரத்து நுண்கலை மாளிகையில், சாவேஸ் நடத்த அரங்கேறிற்று.

விடுதித் தோழர் சிலருடன் இதனைக் கேட்ட மாலையில் யாம் கையால் தாளமிட முயன்றோம். ஆறு மாத்திரைகளைச் சிலர் மும்மூன்றாக இரண்டு பங்கிட்டனர். சிலர் இவ்விரண்டாக மூன்று பங்கிட்டனர். இரு சாராரும் வாதித்து ஓய்ந்தபின்பே, இருவகை நடையும் அதனுள் ஒருங்கே ஓடுதல் புலனாயிற்று. ஆடற்பலகையின் உயிர் ஏட்டிற் புகுந்தும் இறந்துபடவில்லை. இறுதிப் பகுதியில் ட்ரம்பெட்டும் டிராம்போனும் ஒன்றற்கொன்று விடை கூறுவது, பாடகர் இருவர் எதிரெதிர் நின்று பாடுதலை நினைவூட்டும்.

எனினும் இழப்பும் உண்டு. பாடகர் நேரத்திற்கேற்பப் புதிது புதிதாய்ப் புனைந்த அடிகள் வாத்தியங்களுக்கு எட்டா. நாள்தோறும் மாறிய மெட்டு ஏட்டில் ஒரு வடிவாய் நின்றுவிட்டது. தலைப்பேட்டில் மொங்காயோவின் பெயர் உண்டு. அவர்க்குப் பாடிக்காட்டிய அல்வராடோ மக்கள் பெயர் இல்லை.

மொங்காயோ 1958-இல், நாற்பத்தைந்தாம் வயதில் மறைந்தார். அவர் இசை பல தேசத்து மண்டபங்களில் முழங்குகின்றது. அம்மூன்று பாடல்களோ வெராக்ரூஸ் மக்கள் வாயில் இன்றும் மாறி மாறி வாழ்கின்றன. ஆகவே ஏடு பாட்டைக் கொன்றதெனல் பொருந்தாது. ஏட்டையே பாட்டெனக் கொள்ளுதலே கேடு. நாடோடிப் பாடல்களைக் குறிக்கப் புகும் மாணவ நண்பர்கள் மெட்டை எழுதுமுன், பாடியவர் பெயரையும் ஊரையும் நாளையும் எழுதுவாராக. அந்நாளில் அவர் பாடிய வடிவம் அதுவேயன்றிப் பாட்டு முழுவதும் அதுவன்று என்பதைப் பின்வருவோர் அதனால் உணர்வர்.