வரி இல்லை, கணக்கு உண்டு

எங்கள் நாமக்கல் வட்டாரத்தில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் மிகுதி. தச்சர், வெல்டர், பெயிண்டர் எனப் பலர் அவற்றில் ஒப்பந்த வேலை செய்து பிழைக்கின்றனர். மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் நான் பி.ஏ.வும் படித்தவன் என்பதால், ஆங்கிலத்தில் வரும் காகிதங்களை எடுத்துக்கொண்டு இவர்கள் என்னிடம் வருவதுண்டு.

2025 செப்டம்பர் முதல் வாரத்தில் பெயிண்டர் ஒருவர் வந்தார். "ஹஜ்ரத், எனக்குத்தான் வரியே கிடையாதே! கடைசி நாளையும் தள்ளி வைத்துவிட்டார்களாம். பிறகு பார்த்துக்கொள்ளலாமா, விட்டே விடலாமா?" என்றார்.

நம்மில் பலருக்கும் உள்ள ஐயம் இது. அமெரிக்காவில் தனிமனிதர் விண்ணப்பித்து ஆறு மாத அவகாசம் பெறலாம். நம் நாட்டிலோ, அரசே எல்லோருக்கும் பொதுவாக நாளை நீட்டித்தால்தான் உண்டு. அவ்வாண்டு ஜூலை 31 என்றிருந்த இறுதி நாள் முதலில் செப்டம்பர் 15 ஆகவும், பின்னர் ஒரு நாள் கூட்டி 16 ஆகவும் நீட்டிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் டிசம்பர் 31 வரை தாக்கல் செய்ய வழியிருந்தது. ஆனால் தாமதக் கட்டணத்துடன்.

பெயிண்டரின் கணக்கைப் பார்த்தோம். 2024-25 நிதியாண்டில் கைக்கு வந்த கூலி 6 இலட்சம். செலவு போக வருமானம் 4 இலட்சத்து 80 ஆயிரம். புதிய முறையில் அவ்வாண்டு 7 இலட்சம் வரை தள்ளுபடி இருந்ததால் வரி ஏதுமில்லை. ஆனால் விலக்கு வரம்பு 3 இலட்சமே. அதைத் தாண்டியவர், வரி இல்லையென்றாலும் கணக்குக் காட்டியே ஆகவேண்டும். மேலும், வேலை கொடுத்தவர்கள் நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் பிடித்துக் கட்டிய 6,000 ரூபாய் அவர் பான் எண்ணில் நின்றது. அது அவருடைய வியர்வைப் பணம். கேட்காமல் திரும்பி வராது!

அவர் அவ்வாரமே தாக்கல் செய்தார். தொகை முழுவதும் வங்கிக்கு வந்து சேர்ந்தது. ஏறத்தாழ அதே வருமானமுள்ள அவர் அண்ணனோ டிசம்பர் வரை இருந்துவிட்டு 1,000 ரூபாய் தாமதக் கட்டணம் செலுத்தினார். வருமானம் 5 இலட்சத்தைத் தாண்டியிருந்தால் அது 5,000 ஆகியிருக்கும். டிசம்பரையும் கடந்திருந்தால், தாமதத்தைப் பொறுத்தருளும்படி மேலதிகாரிக்கு மனுச் செய்து காத்திருக்க நேர்ந்திருக்கும். தொழிலில் நட்டம் கண்டவருக்கு இழப்பு இன்னும் பெரிது. உரிய நாளுக்குள் காட்டாத நட்டத்தை வரும் ஆண்டுகளின் இலாபத்தில் கழித்துக்கொள்ள இயலாது.

2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 இலட்சம் வரை வரியில்லை என்ற செய்தி வீட்டுக்கு வீடு பரவியிருக்கிறது. மகிழ்ச்சியே! ஆயினும் விலக்கு வரம்பு 4 இலட்சம்தான் என்பது அந்த அளவுக்குப் பரவவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் குடும்பங்களே, "நமக்குத்தான் வரி இல்லையே" என்று இருந்துவிட்டுக் கட்டணம் கட்டும் நிலைக்கு ஆளாகின்றன. லாரி வாங்கக் கடன் கேட்கும்போதும் முந்தைய ஆண்டுகளின் கணக்கைத்தானே வங்கியில் முதலில் கேட்கின்றனர்?

ஸகாத் கடமையா இல்லையா என்று அறியவும் முதலில் கணக்குப் பார்க்கத்தானே வேண்டும்! வரியும் அப்படியே. அரசு தரும் நீட்டிப்பு, வெள்ளம், நோய், காகிதம் வந்து சேராமை என உண்மையான இடையூறு உள்ளவர்களுக்கு உதவட்டும். காகிதங்கள் கையில் இருப்பவர்கள் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லாதிருக்கலாம். பெற வேண்டியது இருக்கக்கூடும்.