காவிரிக் கரையில் ஒரு யூனிட் மின்சாரம்

மைசூருக்கு வரும் உறவினரை நாம் முதலில் அழைத்துச் செல்லும் இடம் அரண்மனையே. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் அந்தி சாய்ந்ததும் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் ஒருசேர ஒளிர்வதைக் கண்டு வியவாதார் இலர். அவ்வொளி எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. அதற்குமேல் நாம் கவலைப்படுவதில்லை. ஆனால், மின்கம்பி எட்டாத ஆற்றங்கரையில் குடும்பத்துடன் ஓர் இரவு தங்க விரும்பினால், மின்சாரத்தையும் அரிசி பருப்பைப் போல அளந்து எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. அவ்வாறு சென்று வந்த ஒரு பயணத்தைப் பற்றிச் சங்கத்து அன்பர்களுக்குப் பயன்படும் வகையில் சில சொல்ல விரும்புகிறேன்.

படுக்கை, சிறிய சமையல் மேடை, குளிர்பெட்டி ஆகியவை அமைந்த கேரவன் வண்டிகள் இக்காலத்தில் வாடகைக்குக் கிடைக்கின்றன. பள்ளி விடுமுறையில் அத்தகைய வண்டியொன்றில் மைசூருக்குக் கிழக்கே இரண்டு நாள் சுற்றிவரத் திட்டமிட்டோம். நாங்கள் ஐவர்: நானும் மனைவியும், இரண்டு குழந்தைகளும், என் தாயாரும். தாயார் கும்பகோணத்துக் காவிரியில் நீராடி வளர்ந்தவர். பிள்ளையின் பிழைப்பை முன்னிட்டு இந்நகருக்கு வந்து சேர்ந்தவர். தம் ஊர்க் காவிரி மலையிலிருந்து இறங்கி வரும் வழியை ஒருமுறை கண்ணாரக் காண வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை.

ஆயினும் ஓர் இடையூறு இருந்தது. உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் அவருக்கு உண்டு. அதற்காக இரவுதோறும் முகத்தில் பொருத்திக்கொள்ளும் சி-பேப் என்னும் காற்றுக் கருவியை ஓர் இரவுகூட விடலாகாது என்பது மருத்துவரின் கட்டளை. அக்கருவியோ மின்சாரமின்றி இயங்காது. “எனக்காக நீங்கள் சிரமப்பட வேண்டாமப்பா, குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்” என்றார் தாயார். நம் வீட்டு முதியோர் எல்லோரும் சொல்லும் சொல் இது. இதைக் கேட்டுக்கொண்டு வண்டியேற எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே பாட்டரியின் கணக்கைச் செவ்வையாகப் போட்டுப் பார்த்தோம்.

கணக்கு கடினமானதன்று. ஒரு கருவியின் வாட் அளவை அது இயங்கும் மணி நேரத்தால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். ஆயிரம் வாட்-மணி சேர்ந்தது, நம் மின்கட்டண ரசீதில் காணும் ஒரு யூனிட். எங்கள் ஒரு நாளைய தேவை இவ்வாறு அமைந்தது: சிறிய குளிர்பெட்டிக்கு 400, எட்டு மணி நேரம் சுழலும் 20 வாட் மின்விசிறிக்கு 160, ஐந்து வாட் விளக்குகள் நான்கு, நான்கு மணி நேரத்திற்கு 80, கைப்பேசிகளுக்கு 60, தாயாரின் கருவிக்கு மணிக்கு 35 வீதம் எட்டு மணி நேரத்திற்கு 280. ஆக மொத்தம் 980 வாட்-மணி. அதாவது ஏறத்தாழ ஒரு யூனிட். ஐவர் கொண்ட குடும்பம் ஒரு யூனிட்டில் ஒரு பகலும் ஓர் இரவும் குறைவின்றி வாழலாம் என்பது எங்களுக்கே வியப்பாக இருந்தது.

இந்தப் பட்டியலில் மின்சார அடுப்பு இல்லை என்பதை இல்லத்தரசிகள் கவனித்திருப்பார்கள். 1,500 வாட் இண்டக்ஷன் அடுப்பை அரை மணி நேரம் எரித்தால் 750 வாட்-மணி தீர்ந்துவிடும். ஆகவே வெப்பம் தரும் வேலைகளைச் சிறிய எரிவாயு அடுப்பிற்கு விட்டுவிடுவதே முறை. அந்த அடுப்பையும் வண்டிக்கு வெளியே வைத்தே எரிக்க வேண்டும். அடைத்த வண்டிக்குள் எரித்தால் நச்சுக் காற்று சேர்ந்து உயிருக்கே கேடு விளையும். தாயாரின் கருவியிலும் காற்றை ஈரமாக்கும் சூடேற்றியே மிகுந்த மின்சாரத்தை விழுங்குவது. மருத்துவரைக் கேட்டு, அவர் இசைந்த பின்னரே, பயணத்து இரவுகளில் அதனை நிறுத்தி வைத்தோம்.

அடுத்த கேள்வி, எந்தப் பாட்டரி என்பது. நம் வீடுகளில் இன்வெர்ட்டருடன் இருக்கும் ஈய-அமிலப் பாட்டரியைத் தூக்கி வண்டியில் வைத்துவிடலாமே என்று தோன்றும். 150 ஆம்பியர்-மணி கொண்ட அத்தகைய பாட்டரி ஐம்பது கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. குலுக்கலில் அமிலம் சிந்தக்கூடும். மின்னேற்றும்போது எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வெளிப்படும். மேலும் அதன் கொள்ளளவில் பாதிக்குமேல் அடிக்கடி செலவிட்டால் ஆயுள் குறையும். லித்தியம் இரும்புப் பாஸ்பேட் பாட்டரி முதலில் விலை மிகுந்ததாயினும், 100 ஆம்பியர்-மணி கொண்டது ஏறத்தாழ பன்னிரண்டு கிலோதான். அதில் அடங்கும் 1,280 வாட்-மணியில் பத்தில் ஒன்பது பங்கைத் தயங்காமல் செலவிடலாம். எங்கள் வண்டியில் இந்த வகையே பொருத்தப்பட்டிருந்தது. வண்டியைக் கிளப்பும் பாட்டரி வேறு, வீட்டு வேலைக்கான பாட்டரி வேறு என்று இரண்டும் தனித்தனியே இருந்தன. இவ்வாறு பிரித்திராவிட்டால் இரவெல்லாம் விசிறி சுழன்ற பின் காலையில் வண்டி நகர மறுத்துவிடும்.

புறப்பட்ட அன்று முற்பகலில் சோமநாதபுரத்தை அடைந்தோம். 1268ஆம் ஆண்டில் ஹொய்சளப் படைத்தலைவர் சோமநாதர் எழுப்பிய கேசவர் கோயிலின் சிற்ப நுணுக்கத்தைச் சொல்ல இத்தாள் போதாது. அங்கிருந்து தலைக்காடு சென்றோம். காவிரி வளைந்தோடும் இவ்வூரில் கோயில்கள் மணலில் புதைந்து கிடந்து வெளிப்பட்டவை. சோழர் ஆண்ட காலத்தில் இதற்கு இராசராசபுரம் என்று பெயர். 1116ஆம் ஆண்டளவில் விஷ்ணுவர்த்தனர் இதனைச் சோழரிடமிருந்து கைப்பற்றினார். தாயார் மணலில் மெல்ல நடந்து ஆற்றைக் கண்டு கைகூப்பினார்.

அன்றிரவு ஒரு தென்னந்தோப்பில், உரிமையாளரின் இசைவு பெற்று, மேட்டு நிலத்தில் தங்கினோம். ஆற்று மணலில் முகாமிடுதல் கூடாது. மேலேயுள்ள அணையில் நீர் திறந்தால் வெள்ளம் சட்டென்று உயரும். மர நிழலில் வண்டியை நிறுத்தினால் உள்ளே வெப்பம் குறையும். ஆனால் கூரைமேல் உள்ள சூரியத் தகட்டிற்கு வெயில் கிடைக்காது. இதற்கு எளிய வழி, மடித்து வைக்கும் தகடொன்றை நீண்ட கம்பியுடன் கொண்டு செல்வது. வண்டி நிழலில் நிற்க, தகடு வெயிலில் கிடக்கும். 200 வாட் தகடு நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 700 வாட்-மணி தரும். மழைக்கால மேகமூட்டத்தில் அதில் பாதியும் ஐயமே. மீதியை வண்டி ஓடும்போது இயந்திரத்திலிருந்து பெறலாம். 20 ஆம்பியர் டி.சி. மின்னேற்றி ஒன்று இருந்தால் மணிக்கு 250 வாட்-மணி சேரும்.

மாலை ஐந்து மணிக்கு நிறைந்திருந்த பாட்டரியில், மறுநாள் காலை ஏழு மணிக்கு மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேல் எஞ்சியிருந்தது. தாயாரின் கருவி ஒரு நிமிடமும் நிற்கவில்லை. இதற்கு ஒரு காரணம், அதனை இன்வெர்ட்டர் வழியாக இயக்காமல், உற்பத்தியாளர் தரும் டி.சி. கம்பி கொண்டு நேரே பாட்டரியில் இணைத்தது. 12 வோல்ட் மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றும்போது பத்தில் ஒரு பங்கு வீணாகும். வேலையின்றிக் கிடக்கும் இன்வெர்ட்டரும் சிறிது சிறிதாக மின்சாரத்தை உண்டுகொண்டே இருக்கும். ஆகவே தேவையில்லாத நேரத்தில் அதை அணைத்துவிட வேண்டும். கம்பிகள் தடித்தவையாகவும் நீளம் குறைந்தவையாகவும் இருத்தல் வேண்டும். பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்கிறதா என்று வண்டியை வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் நாள் சிவசமுத்திரம். காவிரி இரு கிளையாகப் பிரிந்து ககனசுக்கி, பரசுக்கி என்னும் அருவிகளாய் விழும் இடம். இங்கே 1902ஆம் ஆண்டில் மைசூர் அரசு நீர்மின் நிலையம் அமைத்தது. அதற்கு அடிகோலியவர் திவான் சேஷாத்ரி ஐயர்; பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். நிலையம் இயங்குவதைக் காணாமலே 1901இல் மறைந்தார். இங்கிருந்து மின்சாரம் முதலில் சென்றது பெங்களூருக்கும் அன்று, மைசூருக்கும் அன்று. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்கே சென்றது. அங்கே சுரங்கத்தின் ஆழத்தில் உழைத்தவருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த தமிழர். பெங்களூரில் 1905இலும் மைசூர் நகரில் 1908இலும் மின்விளக்கு எரிந்தது. தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன.

அருவியைப் பார்த்தவாறே குழந்தை ஒரு கேள்வி கேட்டாள்: “கோடையில் தண்ணீர் குறைந்தால் சுரங்கத்தில் விளக்கு அணைந்துவிடாதா, பாட்டி?” அன்றைய பொறியாளர்களை வாட்டிய கேள்வியும் அதுவே. கோடையிலும் சிவசமுத்திரத்திற்குக் குறையாது நீர் விட வேண்டும் என்பது, மைசூருக்கு அருகே கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜ சாகர் அணையை எழுப்பியதற்கான காரணங்களுள் ஒன்று. விசுவேசுவரையா தலைமைப் பொறியாளராக இருந்தபோது 1911இல் தொடங்கிய அப்பணி, இருபது ஆண்டுகள் நடந்தது. மழைக்காலத்து நீரைத் தேக்கிக் கோடைக்கு வைக்கும் அணையும், பகல் வெயிலைத் தேக்கி இரவுக்கு வைக்கும் எங்கள் சிறு பாட்டரியும் செய்வது ஒரே வேலைதான் என்று குழந்தைக்கு எடுத்துச் சொன்னோம்.

இத்தகைய பயணம் செல்லக் கருதும் அன்பர்களுக்கு இறுதியாக ஒரு சொல். பெரிய பாட்டரி வாங்குவதை முதற்படியாகக் கொள்ள வேண்டாம். முதலில் தேவையை எழுதிக் கூட்டுங்கள். பிறகு வீணாவதைக் குறையுங்கள். அதன் பின்னரே பாட்டரியின் அளவையும் தகட்டின் அளவையும் முடிவு செய்யுங்கள். மருத்துவக் கருவி உடன் வருமாயின், புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே ஓர் இரவு பாட்டரியில் இயக்கி ஒத்திகை பாருங்கள். கருவிக்கு வேண்டியதைப் போல் இருமடங்கு கையிருப்பில் இருக்கட்டும். குறைந்தால் முதலில் விசிறியையும் குளிர்பெட்டியையும் நிறுத்துங்கள். கார்த்திகை முதல் மாசி வரை வானம் தெளிந்து, வெப்பமும் மிகாதிருக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்ள யாரையும் விட்டுச் செல்லாமல், பாட்டிமார் தாத்தாமார் அனைவரையும் உடன் அழைத்துக்கொண்டு சென்று வாருங்கள்.