பேஸ்ட் வைத்தியம்

வீடு ஒழிக்கும்போது பரணிலிருந்து ஒரு பை நிறைய சிடி கிடைத்தது. பாதி, 2007-இல் மோசர் பேயர் 28 ரூபாய்க்கு விற்க ஆரம்பித்த பட விசிடிகள். திருட்டு விசிடிக்கே சவால் விட்ட விலை! 2018-இல் கம்பெனியே கலைப்புக்குப் போய்விட்டது.

அந்தப் பைக்குள்ளே அக்கா கல்யாண சிடி. மாப்பிள்ளை அழைப்போடு சிக்கி நின்றுவிடுகிறது. "தூக்கிப் போடுடா" என்றார் அப்பா. அம்மா பல் தேய்க்கிற பேஸ்ட்டை எடுத்து வந்து நீட்டினாள்.

வெள்ளை பேஸ்ட்தான் வேண்டும், ஜெல் உதவாது. அதிலுள்ள நுண்ணிய பொடி கீறலின் விளிம்பை மழுக்கிவிடும். லேசர் சிதறாமல் உள்ளே போகும். பழைய பனியன் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் தேய்க்கணும். வட்டமாகத் தேய்த்தால் புதுக் கீறல் பதிவின் தடத்தோடேயே ஓடும். குறுக்குக் கீறலை பிளேயர் ஓரளவு சமாளிக்கும், இதைச் சமாளிக்காது. பிறகு தண்ணீரில் அலசி ஒற்றி எடுத்தால் போதும்.

பெயர் அச்சடித்த மேல்பக்கம் உரிந்திருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். சிடியில் பதிவு அந்தத் தோலுக்கு அடியில்தான் இருக்கிறது. நாம் பொத்திப் பொத்தி வைக்கிற பளபளப்பான பக்கம் வெறும் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட்.

தாலி கட்டுவது வரை ஓடிவிட்டது, பென் டிரைவிலும் ஏற்றியாச்சு. இங்கே ஒரகடம் முழுக்க கம்பெனிதான், சிடி போடுகிற லேப்டாப்புக்குத்தான் பஞ்சம். இரவல் வாங்கியதை நாளை திருப்பித் தரணும். மணிமங்கலம், படப்பை பக்கம் யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். காதுகுத்து சிடி இன்னும் பாக்கி.