உலைக்கு முன்னால் ஒரு பிடி

எங்கள் தேரிக்காட்டுப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அரிசியைக் களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனியாகப் போடுவார்கள். கைப்பிடி அரிசி என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் அரிசி. ஆச்சி அதற்கென்றே அடுப்படி மூலையில் மூடி போட்ட ஓலைக்கொட்டான் ஒன்று வைத்திருந்தாள். எலிக்குப் பயந்து அதன் மேல் அம்மிக்குழவி ஏறியிருக்கும். வீட்டில் அரிசி தீர்ந்து, பக்கத்து வீட்டில் நாழி அரிசி கைமாற்றாக வாங்கி வந்த நாளிலும் கொட்டானில் யாரும் கைவைக்கக் கூடாது. வாங்கி வந்த அரிசியிலிருந்தும் ஒரு பிடி அதற்குள் போகும்.

“கடன் வாங்குன அரிசியிலயுமா அத்தை?” என்பாள் அம்மா.

“அதையும் அவருதான குடுத்தாரு ஏட்டி” என்பாள் ஆச்சி.

கோயிலில் எல்லார் வீட்டு அரிசியும் ஒரே பெட்டியில் விழும். புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி, யாரோ வீட்டுப் புது நெல்லின் சிவப்பரிசி. ஆராதனை முடிந்ததும் படிக்கணக்கில் மலிவாக விற்பார்கள். வாங்குவது பெரும்பாலும் இல்லாதவர்கள்தான். பொங்கினால் ஒரு பருக்கை குழைந்து கிடக்கும், பக்கத்துப் பருக்கை விறைத்து நிற்கும். தட்டைப் பார்த்தே கோயில் அரிசி என்று சொல்லிவிடலாம்.

பணம் எங்கள் ஊரில் அரிதாகத்தான் கண்ணில் படும். பங்குனி தொடங்கி ஆடி வரை பதனீர். மற்ற மாதங்களில் கருப்பட்டி விற்ற காசும் வட்டிக்கு வாங்கிய காசும். அதனால் நன்றி சொல்வதும் பொருளாகவே இருந்தது. விடிலியில் முதல் காய்ச்சலில் சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டி, முதல் ஈத்துக் குட்டி, கோழி இட்ட முதல் முட்டை. அறுப்பின் பண்டிகையன்று பீடத்துக்கு முன்னால் பூசணியும் வாழைத்தாரும் முருங்கைக்கட்டும் குவிந்து, கோயிலே சந்தைபோல மணக்கும். கால் கட்டிய சேவல் ஒன்று ஐயரின் பிரசங்கத்துக்கு நடுவே தவறாமல் கூவும்.

பிறகு ஏலம். உபதேசியார் ஒரு முட்டையைத் தூக்கிப் பிடிப்பார். ஒருவர் கடைவிலையைப் போல் பல மடங்கு கொடுத்து எடுப்பார். எடுத்ததை அங்கேயே திரும்பக் காணிக்கையாக வைப்பார். அடுத்தவர் கேட்பார். இப்படி அந்த முட்டை கை மாறி மாறிக் கடைசியில் ஒரு சின்னப்பிள்ளை கையில் உடையும். கொடுப்பதில் வீம்பும் உண்டு. மச்சினன் கேட்ட விலையை மிஞ்சாமல் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கர்த்தர் அந்தக் காசையும் தள்ளவில்லை என்றே நினைக்கிறேன்.

ஜான் தாமஸ் என்கிற வேல்ஸ் மிஷனெரி 1837-ல் எங்கள் பக்கத்து மெய்ஞ்ஞானபுரத்தில் வந்து குடியேறியபோது, இப்படிக் கொடுக்கிற இதே சனம் கைநீட்டி வாங்குகிற நிலையில் இருந்தது. 192 அடிக் கோபுரத்தோடு அவர் எழுப்பிய கோயில் அந்தச் செம்மண்ணில் இன்னும் நிற்கிறது. எனக்கு அந்தக் கோபுரத்தைவிடப் பெரிதாகத் தெரிவது 1903. அந்த ஆண்டு பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. நம் ஆட்கள், நம் பணம் என்பது அதன் பிடிவாதம். பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதன் முன்னோடிகளில் ஒருவர். 1912-ல் தோர்ணக்கல் பேராயரானார். வாங்கிப் பழகிய பனங்காடு தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பிச் செலவையும் ஏற்றது.

அசனம் என்கிற கோயில் விருந்தைச் சொல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ராத்திரி முழுக்க ஆண்கள் கூடி ஆக்குவார்கள். வடித்த சோற்றை ஓலைப்பாயில் மலையாகக் கொட்டி, வெள்ளை வேட்டியால் மூடி, ஐயர் ஜெபித்த பிறகே பந்தி. ஆட்டுக்கறிக் குழம்பு, கத்திரிக்காய்க் கூட்டு, ரசம். எந்த மதத்துக்காரரும் வரலாம். பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதில் சாதி மெல்ல எட்டிப்பார்த்த காலம் அது. அதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. சாப்பிட்டவர்கள் தூக்குவாளியிலும் வாங்கிப் போவார்கள். வரமுடியாத கிழடுகளுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அது.

இப்போதும் அசனம் நடக்கிறது, ஒப்பந்தச் சமையலில். காணிக்கையைக் கைப்பேசியிலேயே போட்டுவிடலாம். நானும் அப்படித்தான் போடுகிறேன், சுலபமாக இருக்கிறது. ஏறுகிற ஆள் இல்லாமல் பனைகள் பாதி சும்மா நிற்கின்றன. எங்கள் வீட்டில் அரிசி குக்கருக்கு நேராகப் போகிறது. போன அறுப்பின் பண்டிகையில் ஏலத்துக்கு வந்த பூசணி உடன்குடிச் சந்தையில் வாங்கியதாம். அதற்கும் போட்டி பலமாகவே இருந்தது.