ஓட்டையின் அளவு மட்டும் போதுமா?

ஒரு தொட்டியின் அடியில் சின்ன ஓட்டை. அதன் வழியே நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் வெளியேறும்? பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி இருக்கிறதா? பழைய ரோம் நகரில் ஒரு பெரிய அதிகாரியையே இது திணறடித்திருக்கிறது!

கி.பி. 97ல் ரோமின் குடிநீர்ப் பொறுப்பு ஃப்ரான்டினஸிடம் வந்தது. அங்கே தண்ணீர்ப் பங்கு என்பது குழாயின் வாய் அளவுதான். அலகின் பெயர் குயினாரியா, அதாவது சுமார் 2.3 செ.மீ. விட்டமுள்ள குழாய். அவர் அளந்து பார்த்ததில், பதிவேட்டில் இருந்ததைவிட சுமார் 10,000 குயினாரியா அதிகமாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நடுவில் ஊழியர்கள் திருடுகிறார்கள் என்று முடிவு கட்டினார். கள்ளக் குழாய்களும் நிஜமாகவே அகப்பட்டன.

ஆனால் வித்தியாசம் முழுவதும் திருட்டுதானா? வேகம் கூடினால் தண்ணீரும் கூடும் என்று அவருக்கே தெரியும், எழுதியும் வைத்திருக்கிறார். அதை எண்ணாக்கத்தான் வழி இல்லை.

வழி கிடைத்தது 1644ல். கலிலியோவின் கடைசி நாட்களில் உடனிருந்த டாரிசெல்லி சொன்னது இதுதான்: ஓட்டையிலிருந்து பாயும் நீரின் வேகம், நீர்மட்டத்திலிருந்து ஓட்டை வரை தானாக விழுந்த பொருளின் வேகத்துக்குச் சமம்.

சரி, போட்டுப் பார்ப்போம். நீர் உயரம் 1 மீட்டர். 2 × 9.8 × 1 = 19.6, இதன் வர்க்கமூலம் 4.43. ஆக வேகம் விநாடிக்கு 4.43 மீட்டர். ஓட்டை 1 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு 0.785 சதுர செ.மீ. இரண்டையும் பெருக்கினால் விநாடிக்கு 0.35 லிட்டர். ஆனால் கூர்மையான விளிம்பைத் தாண்டியதும் நீர்த்தாரை சுருங்கிவிடும், அதனால் 0.61ஆல் பெருக்க வேண்டும். விடை: 0.21 லிட்டர், நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 13 லிட்டர்.

உயரம் 25 செ.மீ. ஆனால் அதே ஓட்டையில் இதில் பாதிதான் வரும்!

ஆக, ஒரே அளவு குழாய் வாங்கிய இரண்டு வீடுகளுக்கு ஒரே அளவு தண்ணீர் கிடைத்திருக்காது. நீர் உயரம் பதிவேட்டில் ஏறாததால், அந்த 10,000ல் எவ்வளவு திருட்டு, எவ்வளவு கணக்குக் கோளாறு என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பழி மட்டும் ஊழியர்கள் மேல் நின்றுவிட்டது.